டைம் ஸ்லைடர் இருக்கும்போது மாணவர்கள் எதற்காகக் கையால் எல்லை வரைய வேண்டும்?

கேள்வி, ஜூன் 3

"ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறும் புவியியலும் கற்பிக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் டைம் ஸ்லைடரை இடமிருந்து வலமாக இழுத்தால், பேரரசுகள் விரிவதும் சுருங்குவதும் இரண்டே நிமிடங்களில் தெரிந்துவிடுகின்றன. முன்பு ஐந்து பாடவேளைகள் எடுத்ததை இப்போது ஒரே பாடவேளையில் முடிக்க முடிகிறது. இப்படி இருக்கும்போது, புற எல்லைக்கோட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்து எல்லைகளை வரையச் சொல்வதற்கு இனி என்ன தேவை இருக்கிறது?"

ஜூன் 3, இரவு

இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஒருநாள் படம் ஓடி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை ஐந்து வரிகளில் எழுதச் சொன்னேன். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் "பரவியது", "சுருங்கியது" என்ற இரண்டு வினைச்சொற்களே இருந்தன. தாளில் கொட்டிய மை பரவுவதைப் போல ஒரு நிறம் பரவியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். படை நடந்ததையும், வரி வசூலிக்கப்பட்டதையும், சில ஊர்கள் பணிந்து சில ஊர்கள் எதிர்த்ததையும் அந்த நிறம் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. அந்த எல்லையை யார் வரைந்தார், எதை வைத்து வரைந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரையில் கோடு தானாகவே வந்து நிற்கிறது. ஒரு கோட்டை எங்கே நிறுத்துவது என்று தாமே ஒருமுறை திணறியவர்களுக்குத்தான் பிறர் வரைந்த கோட்டைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி எழுகிறது. என் பதில் இவ்வளவுதான். அனுபவத்தில் கண்டவற்றை அடுத்தடுத்து எழுதுகிறேன்.

ஜூன் 5

அசையும் படம் எப்படித் தவறாகக் கற்பிக்கும் என்பதற்குச் சீனாவின் மஞ்சள் ஆற்றைச் சொல்லலாம். ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்த அந்த ஆறு, 1855-இல் கரையை உடைத்துக்கொண்டு வேறு பாதை பிடித்து, தீபகற்பத்துக்கு வடக்கே போஹாய் கடலில் கலக்கத் தொடங்கியது. நான் பழைய பாதையை ஒரு படமாகவும் புதிய பாதையை மற்றொரு படமாகவும் வரைந்து, இரண்டையும் இணைத்து அசைபடமாக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டேன். இடைப்பட்ட படங்களை அது தானாகவே நிரப்பிக்கொண்டது. திரையில் ஆற்றின் வாய் தெற்கிலிருந்து வடக்கே, தீபகற்பத்தின் குன்றுகளின் மீதேறி, மெல்ல ஊர்ந்து சென்றது.

"சார், அந்த மலைகளைத் தாண்டி ஆறு எப்படிப் போனது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். அவர் கேட்டிராவிட்டால், ஒரு வகுப்பு முழுவதும் நடக்காத ஒன்றைக் கண்ணால் கண்டதாக நம்பிக்கொண்டு வெளியேறியிருக்கும். ஆறு ஊர்ந்து போகவில்லை. உள்நாட்டில் ஓரிடத்தில் கரை உடைந்து அங்கிருந்து திரும்பியது. 1938 ஜூனில் ஜப்பானியப் படையின் முன்னேற்றத்தைத் தடுப்பதற்காகச் சீனத் தேசியவாத அரசின் படையினர் ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்தபோதும் இதுதான் நடந்தது. தெற்கே திரும்பிய ஆறு 1947-இல்தான் மீண்டும் வடக்குப் பாதைக்குக் கொண்டுவரப்பட்டது. முதல் உடைப்புக்குப் பின்னால் வெள்ளம், இரண்டாவதற்குப் பின்னால் மனிதரின் முடிவு. வழுக்கிச் செல்லும் அசைபடத்தில் இந்த இரண்டு காரணங்களுமே அழிந்துபோகின்றன.

இப்போது நான் அந்த இடைநிரப்பும் வசதியை அணைத்துவிடுகிறேன். 1854 என்று ஒரு படம், 1856 என்று அடுத்த படம். நடுவில் வெற்றுத் திரை. அந்த வெற்றுத் திரையின் முன்னால் நின்றுதான் "நடுவில் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கிறேன்.

ஜூன் 8

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, நான் திரைக்கு எதிரானவன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயற்கைக்கோள் படம் இல்லாமல் என்னால் நடத்தவே முடியாத பாடம் ஒன்று உண்டு.

கி.மு. 494-இல், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையோரம், லாடே என்ற தீவின் அருகே அயோனிய கிரேக்க நகரங்களின் கப்பற்படையும் பாரசீகக் கப்பற்படையும் மோதின. கிரேக்கர் தரப்பில் 353 மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல்கள் இருந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இந்தத் தகவலை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, லாடேயின் இருப்பிடத்தைக் கூகுள் எர்த்தில் திறப்பேன். திரை மெல்ல இறங்கி இறங்கி, கடலைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களின் கண்முன்னே, வயல்களின் நடுவே நிற்கும் ஒரு சிறு மேட்டில் வந்து நிற்கும். சுற்றிலும் சதுரம் சதுரமாகப் பருத்தி வயல்கள், வாய்க்கால்கள், மண்சாலைகள். கடல் மேற்கே பல கிலோமீட்டர் தள்ளித் தெரியும். வகுப்பு சில விநாடிகள் அமைதியாக இருக்கும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். "தப்பான இடத்தைத் திறந்துவிட்டீர்கள்" என்பது எப்போதும் வரும் முதல் பதில்.

இடம் சரிதான். பெரிய மெண்டெரஸ் ஆறு சுமந்துவந்த வண்டல் அந்த வளைகுடாவைத் தூர்த்துவிட்டது. பெரும் துறைமுகமாக இருந்த மிலேட்டஸ் இன்று உள்நாட்டு இடிபாடு. தீவாக இருந்த லாடே இன்று குன்று. சுவர் நிலவரைபடத்தில் இதைக் காட்டினால், பழைய கடற்கரை ஒரு புள்ளிக்கோடாக மட்டும் தெரியும். இறங்கிக்கொண்டே வந்து வயலில் முட்டி நிற்கும் அந்தத் திகைப்பைத் தாளால் தர முடியாது.

ஜூன் 9

நேற்று விட்டுப்போன ஒன்று. வளைகுடாவின் உட்பகுதி முழுவதுமாகத் தூர்ந்துபோகவில்லை. வாய் அடைபட்டு ஏரியாக மிஞ்சியது, அதுதான் பாஃபா ஏரி. மாணவர்களிடம் ஏரியின் பெயரைச் சொல்லாமல், "கடலின் ஒரு துண்டு இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, தேடுங்கள்" என்று விட்டுவிட்டால் ஐந்து நிமிடங்களுக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஜூன் 14

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டையும் சேர்த்து நடத்துவது நல்லது. இல்லையென்றால் நிலமாவது எப்போதும் இயற்கையின் வேலை என்றே மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். நெதர்லாந்தின் ஸோக்லாண்ட், சௌடர்சே என்ற, நிலத்துக்குள் நுழைந்திருந்த கடலில் ஒரு தீவாக இருந்தது. அலையும் வெள்ளமும் அரித்துக்கொண்டேயிருந்ததால் 1859-இல் அரசாணையின்படி மக்கள் அதைக் காலி செய்தார்கள். 1932-இல் அணைக்கரை எழுப்பிக் கடல் மூடப்பட்டது. 1942-இல் சுற்றியிருந்த நீர் வடிக்கப்பட்டு நிலமானது. இன்று அந்தத் தீவின் வடிவம் வயல்களுக்கு நடுவே நீண்ட மேடாகக் கிடக்கிறது. பழைய நிலவரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பார்க்கும் வசதி, இந்தப் பாடத்துக்கென்றே செய்ததைப் போல அமைந்திருக்கிறது. லாடே ஆற்றின் வேலை, ஸோக்லாண்ட் மனிதரின் வேலை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டி, எது யாருடைய வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், வயல்களின் நேர்கோடுகளைக் கவனிக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார்.

ஜூன் 17

லாடே பாடத்தில் நான் செய்துவந்த ஒரு பிழையை இங்கே பதிவு செய்தாக வேண்டும், ஏனெனில் இதே வழியைப் பின்பற்றும் வேறு ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய வளைகுடாவைத் திரையில் மீட்டுக் காட்டுவதற்காக, இன்றைய நில உயரத் தரவை எடுத்து, கடல் மட்டத்தைச் சில மீட்டர் உயர்த்திப் பார்ப்பேன். நீலம் சமவெளிக்குள் நுழைந்து மிலேட்டஸ் வரை வந்துவிடும், லாடே மீண்டும் தீவாகிவிடும், வகுப்பு கைதட்டும். படம் பாடநூலில் இருப்பதைப் போலவே அழகாக இருக்கும். இரண்டு ஆண்டுகள் இப்படி நடத்திய பிறகு, ஒரு மாணவி தேர்வுத்தாளில், "கடல் மட்டம் குறைந்ததால் மிலேட்டஸ் துறைமுகத்தை இழந்தது" என்று தெளிவாக எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது: வண்டல் என்று வாயால் சொல்லிவிட்டு, கடல் மட்டம் என்று திரையில் காட்டியவன் நான். அவர் திரையை நம்பினார்.

உண்மையில் கடல் இறங்கிப் போகவில்லை, தரை கடலுக்குள் வளர்ந்தது. இன்றைய உயரத் தரவு அந்த வண்டலின் மேற்பரப்பைத்தான் காட்டுகிறது. அதன் அடியில் புதைந்திருக்கும் பழைய கடல்தரையைக் காட்டாது. வேறு ஒரு சிக்கலும் இருந்தது. நான் பயன்படுத்தியது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் திரட்டப்பட்ட தரவு. அதன் உயரப் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் இலக்கு. சமவெளிகளில் பிழை அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், அப்படிப்பட்ட தரவின் மீது ஐந்து மீட்டர் நீரை ஏற்றிக் கடற்கரை வரைவது துணிச்சல்தான்.

இப்போது அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு ஒரு தட்டைப் பயன்படுத்துகிறேன். அகலமான தட்டில் மணலால் ஒரு பள்ளத்தாக்கு, அதன் வாயில் நீர், நீரின் நடுவே ஒரு கூழாங்கல். பள்ளத்தாக்கின் மேல் முனையிலிருந்து கலங்கல் நீரைச் சிறு குவளையால் ஊற்றிக்கொண்டே இருந்தால், மண் விசிறிபோல விரிந்து, கூழாங்கல்லை நோக்கி நகர்ந்து, ஒரு கட்டத்தில் அதைக் கரையோடு சேர்த்துவிடும். நீர்மட்டத்தைத் தட்டின் விளிம்பில் பேனாவால் குறித்துவைத்து, அது மாறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பாடத்தின் உயிர் அந்தப் பேனாக் கோட்டில்தான் இருக்கிறது. மணலின் உயரத்தைக் கேமரா அளந்து, அதன் மீதே சமவுயரக் கோடுகளைப் புரொஜெக்டர் வீழ்த்தும் மணல்மேடைகளும் இன்று உள்ளன. வசதி உள்ள பள்ளிகளில் அது இன்னும் சிறப்பாக இருக்கும். இல்லாத இடத்தில் தட்டே போதும்.

ஜூன் 22

பழைய நிலவரைபடத்தை இன்றைய ஆயங்களோடு (அட்ச, தீர்க்க எண்களோடு) பொருத்தும் வேலை, அதாவது ஜியோரெஃபரன்சிங், பற்றி எழுதுகிறேன். என் அனுபவத்தில், கணினி ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு இணையான பயிற்சி வேறில்லை. மென்பொருளுக்குக் கியூஜிஐஎஸ் போதும், இலவசம். டேவிட் ரம்சி தொகுப்பைப் போன்ற இணைய நிலவரைபடத் தொகுப்புகளிலிருந்து தெளிவான பழைய படம் ஒன்றை எடுத்து, அதிலும் இன்றைய படத்திலும் ஒரே இடம் என்று உறுதியாகத் தெரியும் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போக வேண்டும். எளிய பொருத்தத்துக்கு மூன்று புள்ளிகள் போதும் என்று மென்பொருள் சொல்லும். மூன்றே புள்ளிகள் வைத்தால் பிழை எப்போதும் சுழியமாகவே தெரியும் என்பதால், நான் குறைந்தது பத்துக் கேட்கிறேன்.

எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே வரலாற்றுப் புவியியல் தொடங்கிவிடுகிறது. ஆற்றின் வளைவைத் தேர்ந்தெடுத்த குழு, ஆறு இடம்மாறியிருக்கும் என்று பிறகு உணர்கிறது. கடற்கரை முனையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அரிப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். கோட்டையும் கோவிலும் தேவாலயமும் பாலமும் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று எண்ணுகிறவர்கள், அவை இடிக்கப்பட்டு வேறிடத்தில் கட்டப்பட்டிருக்கக்கூடுமா என்று தேடுகிறார்கள். எது நகராதது என்ற கேள்வியை நான் கேட்கவே வேண்டியதில்லை; வேலையே கேட்டுவிடுகிறது.

ஒருமுறை ஒரு குழு பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு நிலவரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்த தீர்க்கக்கோடுகளின் எண்களை அப்படியே தட்டச்சு செய்தது. ஊர்கள் எல்லாம் மேற்கே தள்ளிப்போய் நின்றன. "அந்தக் காலத்தில் அளக்கத் தெரியவில்லை" என்று குழுவில் ஒருவர் முடிவு கட்டிவிட்டார். விலகலை அளந்து பார்க்கச் சொன்னேன். எல்லா ஊர்களும் ஒரே திசையில், ஒரே அளவில், ஏறத்தாழ 2 பாகை 20 கலை விலகியிருந்தன. பாரிஸ் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டைச் சுழியமாகக் கொண்ட படம் அது. கிரீனிச்சை முதன்மைத் தீர்க்கமாக ஏற்றது 1884 வாஷிங்டன் மாநாட்டில்தான். அதன் பிறகும் பிரான்ஸ் பல ஆண்டுகள் தன் கோட்டையே வைத்திருந்தது. அட்சம் 45 பாகையில் அந்த வேறுபாடு 180 கிலோமீட்டருக்கும் மேல். அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வேறுபாடு.

அன்றிலிருந்து என் வகுப்பில் விலகல் அட்டவணையை எல்லாரும் இப்படித்தான் படிக்கிறார்கள்: எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல விலகினால் ஏதோ ஒரு மரபு மாறியிருக்கிறது, ஒரு பகுதி மட்டும் விலகினால் அங்கே அளந்தவர் போகவில்லை அல்லது போக முடியவில்லை, ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகினால் பெரும்பாலும் நாம் தவறாக அழுத்தியிருக்கிறோம்.

ஜூன் 23

ஒரு எச்சரிக்கை. பொருத்தும் முறைகளில் தின் பிளேட் ஸ்ப்லைன் என்று ஒன்று இருக்கிறது. படத்தை ரப்பர் தாளைப் போல இழுத்து, கொடுத்த எல்லாப் புள்ளிகளிலும் துல்லியமாக உட்கார வைத்துவிடும், பிழை சுழியம் என்று காட்டும். மாணவர்கள் இதைக் கண்டுபிடித்த நாளில் ஆய்வகமே மகிழ்ச்சியில் இருந்தது. அடுத்த பாடவேளையில், பொருத்தப் பயன்படுத்தாத ஐந்து ஊர்களை நான் தேர்ந்தெடுத்து அவற்றின் விலகலை அளக்கச் சொன்னேன். சுழியம் காணாமல் போனது. நேற்று எழுதியதைப் போல ஒரு பகுதி மட்டும் விலகியிருந்தால், அந்த முறையில் பொருத்தும்போது அது தெரிந்தே இருக்காது. மென்பொருள் விலகலைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும்.

ஜூலை 1

முதல் கேள்விக்கு நேரடியாகத் திரும்புகிறேன். எல்லையைக் கையால் வரையச் சொல்வது எதற்கு?

அசோகரின் ஆட்சிப் பரப்பை எடுத்துக்கொள்வோம். பாடநூல்களில் அது ஒரே நிறம் பூசிய பரப்பாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். நம் கையில் உண்மையாக இருப்பவை கல்வெட்டுகள் கிடைத்த இடங்கள்: கந்தஹார், ஷாபாஸ்கரி, கால்சி, கிர்நார், சோபாரா, தௌலி, எர்ரகுடி, மாஸ்கி, பிரம்மகிரி என்று போகும் புள்ளிகள். அவற்றோடு கல்வெட்டின் சொற்களும் இருக்கின்றன. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் எல்லைக்கு அப்பாலிருப்பவர்களாகக் குறிப்பிடப்படுகிறார்கள். புள்ளிகள் கிடைத்தவை, கோடு நாம் வரைந்தது.

நான் செய்வது இதுதான். புள்ளிகளை மட்டும் கொண்ட படத்தை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிறேன். முதலில் தாளில் பென்சிலால் எல்லை வரைய வேண்டும், பிறகு அதையே கணினியில் பரப்பாக வரைந்து அனுப்ப வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட பரப்புகள் வந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளது தெரியும்படி மிக வெளிறிய ஒரே நிறத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் அடுக்குகிறேன். எல்லாரும் ஒத்துப்போன இடம் அடர்ந்து தெரிகிறது. கங்கைச் சமவெளி ஏறத்தாழக் கறுத்துவிடுகிறது. வடமேற்கில் நிறம் கிழிந்த துணியைப் போலப் பிசிறடிக்கிறது. தெற்கில் சிலர் பிரம்மகிரியோடு நிறுத்திவிடுகிறார்கள், சிலர் இன்னும் இறங்குகிறார்கள். யாருடைய கோடு சரி என்ற சண்டை அங்கே தொடங்குகிறது. அந்தச் சண்டையில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியையோ ஒரு வாசகத்தையோ காட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஓர் ஆண்டு, அந்த அடுக்கின் நடுவே இலேசாக ஒரு வெளிர்ப்பு தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது, ஒரு மாணவி தன் பரப்பின் நடுவில் ஓட்டை விட்டிருந்தார். பதின்மூன்றாம் பெரும்பாறைக் கல்வெட்டில் காட்டுவாழ் மக்களுக்கு அரசர் எச்சரிக்கை விடுக்கிறார் என்று வகுப்பில் படித்திருந்தோம். முழுவதும் பணிந்தவர்களை ஏன் எச்சரிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் ஓட்டை விட்ட இடம் சரியா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பேரரசின் உள்ளேயும் எல்லை இருக்கலாம் என்ற எண்ணம் அந்த வகுப்பில் வேறு எவருக்கும் தோன்றியிருக்கவில்லை, எனக்கும் தோன்றியிருக்கவில்லை. இவ்வளவும் திரையில்தான் நடந்தது. ஆனால் அந்த ஓட்டை முதலில் தாளில், பென்சிலில்தான் வந்தது.

ஜூலை 2

பரப்பளவை ஒப்பிடுகிறவர்கள் கோட்டுச்சட்டத்தை, அதாவது உருண்டையான புவியைத் தட்டையான படமாக மாற்றும் முறையைக் கவனிக்க வேண்டும். இணைய நிலவரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் 1569-இல் அமைத்த கோட்டுச்சட்டத்தின் வழிவந்தவை. 60 பாகை அட்சத்தில் அதன் பரப்பு நான்கு மடங்கு ஊதிக் காட்டும். மங்கோலியப் பேரரசையும் ரோமப் பேரரசையும் அந்தத் திரையில் பக்கத்தில் வைத்து எது எவ்வளவு பெரியது என்று கேட்பது நியாயமில்லாத தேர்வு. சமபரப்புக் கோட்டுச்சட்டத்துக்கு மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

ஜூலை 6

எல்லாப் பழைய நிலவரைபடங்களையும் பொருத்திப் பார்க்கலாம் என்று ஜூன் 22 குறிப்பு தோன்றச் செய்திருந்தால் அதைத் திருத்துகிறேன். பாய்ட்டிங்கர் நிலவரைபடம் என்று ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ரோம உலகின் சாலைகளைக் காட்டும் மூலத்தைப் பார்த்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட படி. நீளம் ஏறத்தாழ ஆறே முக்கால் மீட்டர், உயரம் 34 சென்டிமீட்டர் அளவே. மத்தியதரைக் கடல் ஒரு வாய்க்காலைப் போல நசுங்கிக் கிடக்கும். இதை ஆயங்களோடு பொருத்த முயன்றால் மென்பொருள் படத்தை முறுக்கிப் பிழிந்துவிடுகிறது. ஒரு பாடவேளை முழுவதையும் இதில் வீணாக்கிய பிறகுதான், பொருந்தாததற்குக் காரணம் வரைந்தவரின் அறியாமை இல்லை என்பது எனக்கே தெளிவாகியது. அடுத்த தங்குமிடம் எது, எவ்வளவு தூரம் என்பதே அந்தப் படம் சொல்ல வந்த செய்தி. ரயில் பாதை வரைபடத்தில் திசையைத் தேடுகிறவர்கள் யாரும் இல்லை.

எனவே அதை அட்டவணையாக மாற்றினோம். ஊர், அடுத்த ஊர், எழுதியிருக்கும் எண், அலகு. அலகு என்ற நெடுவரிசைதான் சுவையானது: பொதுவாக ரோம மைல், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கால் என்று ரோமர் அழைத்த இன்றைய பிரான்ஸ் பகுதியில் அதைப்போல ஒன்றரை மடங்கான லூகா. அலகைப் பார்க்காமல் கூட்டிய குழுவுக்குப் பயணம் குறுகிவிட்டது.

இதைச் செய்த பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்பிஸ் என்ற ரோம உலகப் பயண மாதிரியைத் திறந்தால் மாணவர்கள் அதைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. 2012-இல் வெளிவந்த அது, பருவமும் பயண முறையும் கொடுத்தால் நாட்களையும் செலவையும் கணக்கிட்டுச் சொல்லும். கடல்வழி எவ்வளவு மலிவு, குளிர்காலம் எவ்வளவு தடை என்பது சட்டென்று புரியும். ஆனால் அந்த நாட்கணக்கு யாரோ ஒரு வணிகர் எழுதிவைத்த குறிப்பு இல்லை, மாதிரி கணக்கிட்ட விடை. அட்டவணை செய்த மாணவர்கள் இதைத் தாமாகவே கேட்கிறார்கள். நேரடியாக ஆர்பிஸைத் திறந்த வகுப்புகளில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஜூலை 11

தேடல் பெட்டி இன்றைய பெயரைத்தான் முதலில் அறியும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-இல் பெத்ரோகிராட், 1924-இல் லெனின்கிராட், 1991-இல் மீண்டும் பழைய பெயர். ஒரே ஊரின் இந்தப் பெயர்களை மூன்று வெவ்வேறு ஊர்களாகப் படத்தில் குறித்த குழு எனக்கு இருந்திருக்கிறது. இப்போது பெயர், இருப்பிடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று தனித்தனி நெடுவரிசைகளில் எழுத வைக்கிறேன். பண்டைய கிரேக்க, ரோம இடங்களுக்கு பிளையடிஸ் என்ற இணையப் பெயரகராதி ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத எண் ஒன்றைத் தருகிறது. பெயர் மாறினாலும் எண் மாறாது என்பதை மாணவர்கள் வெகு எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 15

கருவிகளைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. நான் பெரிதும் நம்பியிருந்த ஒரு செயலி ஓர் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதற்குள் கட்டிவைத்திருந்த பாடங்கள் அதோடு போயின. மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்துக் குறித்த இடங்களும் அவற்றில் இருந்தன என்பதுதான் வருத்தம். அதற்குப் பிறகு, எந்தச் செயலியில் காட்டினாலும் மூலத்தை எளிய சிஎஸ்வி அட்டவணையாகவும், இடங்களையும் கோடுகளையும் ஆயங்களாகச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பாகவும் தனியே வைத்திருக்கிறேன். காட்டும் செயலி மாறலாம், அட்டவணை எங்கும் திறக்கும்.

ஒரே ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் மட்டுமே உள்ள வகுப்புக்கும் இதுவரை எழுதியவை பொருந்தும். வெள்ளைப் பலகையில் படத்தை வீழ்த்திவிட்டு, எல்லையை மார்க்கரால் பலகையின் மீதே வரையச் சொல்லுங்கள். பிறகு புரொஜெக்டரை அணைத்தால் வரைந்தவரின் கோடு மட்டும் தனியே நிற்கும். என் வகுப்புகளில் மிக நீண்ட விவாதங்கள் அந்தக் கோட்டின் முன்னால்தான் நடந்திருக்கின்றன.

ஜூலை 20

மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து பண்டைய நகரத் தெருவில் நடப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மாணவர்களுக்குப் பிடிக்கிறது, தெருவின் அகலமும் சுவரின் உயரமும் உடலுக்குப் புரிகின்றன. கூரையின் நிறம் யாருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கொடுங்கள். கணினி மறுஉருவாக்கத்தில் சான்று எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2009-இல் வெளியான லண்டன் சாசனம் வலியுறுத்துகிறது. அதைப் பின்பற்றும் மறுஉருவாக்கங்களைத் தேடி எடுப்பது ஆசிரியரின் வேலை.

ஜூலை 27

டைம் ஸ்லைடரைப் பற்றி முதலில் எழுதியது சற்றுக் கடுமையாக இருந்துவிட்டதாக இப்போது தோன்றுகிறது. ஸ்லைடரின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பின்னால் அந்த ஆண்டின் சான்று இருந்தால் அது வேறு கதை. ஆரல் கடலைப் பாருங்கள். 1960-இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால் வற்றியது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1984 முதல் ஆண்டுக்கு ஒரு படம் என்று கூகுள் எர்த்தில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. ஏரி இரண்டாகப் பிரிவதும், 2005-இல் அணைக்கரை முடிந்த பிறகு வடக்குத் துண்டு மட்டும் தேறுவதும் கண்முன்னே நடக்கின்றன. இங்கே ஸ்லைடர் இட்டுக்கட்டவில்லை.

அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு: ஆண்டுக்கு ஒன்று என்று தெரியும் படம் ஒரே நாளில் எடுத்தது இல்லை, மேகமில்லாத துண்டுகளைப் பல நாட்களின் படங்களிலிருந்து பொறுக்கித் தைத்தது. மழைக்காலமும் கோடையும் அதில் கலந்திருக்கும். 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995-இல் இரகசியம் நீக்கப்பட்ட கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்தால் இன்னும் பின்னால் போகலாம்.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றி எழுதுகிறேன்: ஸ்லைடரில் எத்தனை நிறுத்தங்கள் சான்று, எத்தனை இட்டுநிரப்பியவை? ஆரல் கடலுக்கு அதை அப்படியே ஓட்டுங்கள். பேரரசுகளுக்கு, நிறுத்தங்களை மாணவர்களே உருவாக்கிய பிறகு ஓட்டுங்கள். நேரம் பற்றிய கவலைக்கு என் கணக்கு: புள்ளிகளைக் குறித்து எல்லை வரைய இரண்டு பாடவேளை, அடுக்கிப் பார்த்து விவாதிக்க ஒன்று. ஐந்து மூன்றாகிறது. ஒன்றாக்க என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 2

ஜூலை 1 குறிப்பில் விட்டுப்போன ஒன்றோடு முடிக்கிறேன். கணினியில் பரப்பை வரையும்போது கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தால்தான் மென்பொருள் நிறம் பூசும். இந்த ஆண்டு ஒரு மாணவர் வடமேற்கில் கோட்டை மூடாமலே கோப்பை அனுப்பியிருந்தார். பிழை என்று எண்ணித் திருப்பி அனுப்பினேன். "அங்கே எங்கு முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை சார், தெரியாததை எப்படி மூடுவது?" என்று கேட்டார்.

அட்டவணையில் "உறுதி" என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம். சான்று இருந்தால் 1, அருகில் சான்று இருந்தால் 2, ஊகம் என்றால் 3. எல்லையை ஒரே கோடாக வரைவதை விட்டுவிட்டு, துண்டு துண்டாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தோம். 1 முழுக்கோடாகவும் 2 வெட்டுக்கோடாகவும் 3 புள்ளிக்கோடாகவும் திரையில் தெரியும்படி அமைத்தோம். நேற்று இடைவேளையில் இருவர் வந்து, மேற்கில் ஒரு துண்டு முழுக்கோடாக இருக்கிறது, அதற்கு அருகில் ஒரு கல்வெட்டும் இல்லையே என்றார்கள். மாதிரிக்காக நான் வரைந்துவைத்த துண்டு அது. பழைய பாடநூல் படத்தைப் பார்த்து, யோசிக்காமல் 1 என்று எழுதியிருக்கிறேன். அவர்களையே உட்கார வைத்து 3 என்று மாற்றச் சொன்னேன்.